கோழிக்கூண்டும் கிராம சபையும்

வீட்டில் நாலு கோழி வளர்ப்பதற்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும்? ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சென்று ஒரு குடியானவரிடம் இக்கேள்வியைக் கேட்டால், கேட்டவரை அவர் ஏற இறங்கப் பார்ப்பார். அடுப்பு மூட்டுவதற்கு ஒருவர் அனுமதி கேட்பாரா? கோழியும் அவருக்கு அப்படித்தான்.

மலையிலிருந்து இறங்கித் திருவண்ணாமலைக்கு வந்தால் நிலைமை வேறு. 2024 ஆம் வருஷத்தில் அந்நகரம் மாநகராட்சியாயிற்று. சுற்றிலுமிருந்த கிராமப் பஞ்சாயத்துக்கள் பல அதனோடு சேர்க்கப்பட்டன. நேற்று வரை கிராமவாசியாக இருந்து கொல்லையில் மாடு கட்டியவர் ஒரே நாளில் நகரவாசியாகிவிட்டார். அவருடைய மாடு நகரவில்லை, எல்லைக்கோடுதான் நகர்ந்தது. நகர்ப்புறங்களில் பிராணிகளையும் பட்சிகளையும் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டுமென்று 1997 லேயே நமது சட்டசபை ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. அத்தகைய விதி மலைமேல் ஏறுவதற்கு முன்னரே அதைப் பற்றி யோசிப்பது நலமென்று நாம் கருதுகிறோம்.

விதியே கூடாதென்று நாம் சொல்ல வரவில்லை. 1920 ஆம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டம் அன்னிய ஆட்சியில் பிறந்ததுதான். ஆயினும் இவ்விஷயத்தில் அதன் போக்கு நிதானமானது. அனுமதியின்றிப் பன்றி வளர்க்கக் கூடாது. பிறருக்கு உபத்திரவமோ அபாயமோ உண்டாகும்படி எந்தப் பிராணியையும் வைத்திருக்கக் கூடாது. அசுத்தத்தைத் தின்னவிட்டு வளர்க்கக் கூடாது. சாரம் இவ்வளவே. பன்றி நீங்கலாக, பிராணியை வைத்திருப்பது குற்றமல்ல, அயலாருக்கு இடைஞ்சல் செய்வதே குற்றம். கோர்ட்டுப் படியேறிப் பழகிய நமக்கு இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் தெரியும். முன்னதில் பிரஜை தன் உரிமைக்காகச் சர்க்கார் வாசலில் நிற்க வேண்டும். பின்னதில் குறை சொல்பவர்தான் வந்து நிரூபிக்க வேண்டும்.

எடுத்ததற்கெல்லாம் இங்கிலாந்தைக் காட்டுவோர்க்கும் ஒரு வார்த்தை. அந்நாட்டில் 1950 ஆம் வருஷத்துச் சட்டமொன்று, தோட்டத் துண்டு நிலம் வைத்திருப்பவர் குத்தகைச் சீட்டில் என்ன எழுதியிருந்தாலும் அங்கே கோழியும் முயலும் வளர்க்கலாமென்று உரிமை கொடுத்தது. வியாபாரத்துக்காக இருக்கக் கூடாது, சுகாதாரத்துக்குக் கேடாகவோ பிறருக்கு உபத்திரவமாகவோ இருக்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். பறவைக் காய்ச்சல் பரவிய பிற்பாடு, 2024 அக்டோபர் முதல், ஒரே ஒரு கோழி வைத்திருப்பவரும் பெயரைப் பதிய வேண்டுமென்று அங்கே விதித்திருப்பது உண்மை. பதிவு வேறு, அனுமதி வேறு. நோய் கண்டால் யாருக்குச் சொல்லியனுப்புவது என்று தெரிந்துகொள்வதற்காக ஏற்பட்டது அது.

மலைக்கு வருவோம். இங்கே வாழும் ஆதிவாசிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். சாமையும் தேனும் பலாவும் விளையும் பூமி. சாமை பொய்த்த வருஷத்தில் பிள்ளையின் படிப்புக்கும் பிரசவச் செலவுக்கும் ஆட்டைத்தான் சந்தைக்கு ஓட்டவேண்டும். அவசரத்துக்கு விற்கக் கோழி, பெரிய செலவுக்கு ஆடு. ஏழையின் பாங்கு அது. சர்க்காரும் இதை உணர்ந்தே 2011 ல் கிராமப்புற ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் விலையின்றிக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த ஆடு எங்கே மேயும்? மலையில் வீட்டுக் கொல்லையைத் தாண்டினால் காடு. ரிசர்வ் காட்டில் அனுமதியின்றிக் கால்நடையை மேய்ப்பது 1882 ஆம் வருஷத்து வனச் சட்டப்படி குற்றம். ஒரு இலாகா ஆட்டைக் கையில் கொடுத்தது. மற்றொரு இலாகா அது வாயைத் திறந்தால் அபராதம் என்றது!

அச்சட்டத்தின் சரித்திரம் நமது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூர் ஜில்லாவில், பல்நாட்டுக் குடிகள் ‘புல்லரி’ என்னும் மேய்ச்சல் வரியைக் கொடுக்க மறுத்தார்கள். 1922 பிப்ரவரியில் அவர்களுடைய தலைவர் கன்னெகண்டி ஹனுமந்து துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். மாடு மேய்ந்ததற்காக ஓர் உயிர். சுதந்தரம் வந்தபின்னும் அச்சட்டம் பெயரை மாற்றிக்கொண்டதேயன்றிப் போய்விடவில்லை. 2006 ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் மேய்ச்சலையும் காட்டுவாசிகளின் சமூக உரிமைகளில் ஒன்றாக ஏற்றது. அப்படியிருந்தும் 2022 மார்ச்சில் சென்னை ஹைகோர்ட் தமிழ்நாட்டுக் காடுகள் யாவற்றிலும் மேய்ச்சலைத் தடுத்தது. பின்னர் அதே மாதத்திலேயே தடையைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. ஹைகோர்ட்டின் எண்ணம் காட்டைக் காப்பதே என்பதில் சந்தேகமில்லை. எனினும் ஒரு பேனாக் கீற்றில் எத்தனை ஆட்டுப் பட்டிகள் குற்றவாளிக் கூண்டில் ஏறவிருந்தன!

வன இலாகாவின் கட்சியிலும் நியாயம் உண்டு. ஆடு இளஞ்செடியைக் குருத்தோடு கடிக்கும். கடித்த இடத்தில் மரம் எழாது. செய்யாறு இம்மலையில்தான் உற்பத்தியாகிறது. மேலே காடு அழிந்தால் கீழே ஏரிகள் வறண்டு போகும். ஆகவே கட்டுப்பாடு வேண்டும். அதை யார் செய்வது என்பதே கேள்வி.

கால்நடை, பால், கோழி ஆகியவை பஞ்சாயத்துக்களுக்குரிய விஷயங்களென்று அரசியல் சட்டத்தின் பதினோராவது அட்டவணை கூறுகிறது. கிராமப் பஞ்சாயத்து கலெக்டரின் அங்கீகாரத்துடன் உபவிதி செய்யலாம். ஆனால் மலையின் திருவண்ணாமலை ஜில்லாப் பகுதியில் 2019 டிசம்பர்த் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 ஆம் தேதியோடு முடிந்தது. தனி அலுவலர்கள் வந்தார்கள். தனி அலுவலர் கெட்டிக்காரராயிருக்கலாம், நல்லவராகவும் இருக்கலாம். எந்த ஓடையில் கோடையிலும் தண்ணீர் நிற்கும், எந்தச் சரிவில் ஆட்டை விட்டால் மண் சரியும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இத்தகைய இடைக்காலங்களில் பிராணி வளர்ப்பைப் பற்றிய உபவிதி எதுவும் செய்யலாகாது என்பது நமது திட்டமான அபிப்பிராயம். மேலும், ஐந்தாவது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பிரதேசம் தமிழ்நாட்டில் ஒன்றுமில்லையாதலால், வட நாட்டு மலைவாசிகள் பலருக்குக் கிடைத்த விசேஷப் பாதுகாப்பும் இங்கில்லை. மலைவாசிக்கு இருக்கும் ஒரே அரண் கிராம சபை.

அச்சபை செய்யவேண்டிய விதிகள் நீளமானவையாக இருக்க வேண்டியதில்லை. குடிதண்ணீர் ஊற்றுக்கு மேல்புறம் தொழுவமோ பட்டியோ கூடாது. இளங்காடு எழும் சரிவுகளில் சில வருஷங்களுக்கு ஆடு ஏறக் கூடாது. எந்தச் சரிவு, எத்தனை வருஷம் என்பதை ஊரார் முடிவு செய்யட்டும், வன இலாகா உடனிருந்து யோசனை சொல்லட்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது நோய். வெள்ளைக்கழிச்சல் புகுந்துவிட்டால் தடுப்பூசி போடாத ஊரில் கூண்டுகள் சில தினங்களில் காலியாகிவிடும். அப்பொழுது ஜனங்கள் செய்வதென்ன? சாவதற்கு முன் விற்றுவிடுவோமென்று, தூங்கி விழும் கோழியைச் சந்தைக்குத் தூக்குகிறார்கள். வாங்கியவர் நோயை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகிறார். ஏழையின் மேல் நமக்குக் கோபமில்லை. நஷ்டத்தை யார்தான் சும்மா ஏற்பார்? எனினும், நோய் கண்ட ஊரிலிருந்து கோழி வெளியே போகக் கூடாது என்ற விதியை ஊரே போட்டுக்கொண்டால், அதற்கு லைசென்ஸும் வேண்டாம், இன்ஸ்பெக்டரும் வேண்டாம்.

கால்நடை இலாகா செய்யவேண்டியது ஒன்றுண்டு. பிப்ரவரி மாதத்தில் இரண்டு வாரம் கோழிகளுக்குத் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். ரோட்டோரத்து ஊர்களோடு அது நின்றுவிடலாகாது. ஒற்றையடிப் பாதைக்கு அப்பாலுள்ள குடிசைகளுக்கும் எட்ட வேண்டும். ஊசி போட ஆள் போகமுடியாத இடத்துக்கு, தீனியாகவே கொடுக்கக்கூடிய குருணை மருந்தை நமது கால்நடை சர்வகலாசாலையார் கண்டுபிடித்திருக்கிறார்கள். வருஷத்தில் ஆறு தடவை கிராம சபை கூட வேண்டுமென்பது ஏற்பாடு. ஜனவரி 26 ஆம் தேதிக் கூட்டத்திலேயே மருந்துப் பொட்டலங்களை ஊர்ப் பெண்கள் கையில் கொடுத்து, கொடுக்கும் முறையையும் சொல்லியனுப்பிவிடலாமே. கோழியைக் கூண்டில் அடைப்பதும் திறப்பதும் அவர்கள்தாம்.