தெருவோர ஒளிப்படமும் தன்னியக்கக் குவியமும்

மக்கள் வாழ்வின் பலதிறக் கோலங்களையும் ஒருங்கே காட்டும் அரங்கு தெருவைப் போலப் பிறிதொன்றில்லை. வாங்குவோரும் விற்போரும், விரைவோரும் காத்திருப்போரும், சிறாரும் முதியோரும் அங்கே தத்தம் கருமத்திற் கண்ணாய் இயங்குகின்றனர். அவ்வியக்கத்தின் ஒரு கணத்தை, எவரையும் நிற்கச் சொல்லாமலும் எதனையும் ஒழுங்குபடுத்தாமலும், உள்ளவாறே படமாக்குவது தெருவோர ஒளிப்படக்கலை எனப்படும். மலையைப் படமெடுப்பவன் தவறின், மலை மறுநாளும் அவ்விடத்தே நிற்கும். தெருவிலோ தவறிய கணம் தவறியதே. ஆதலின், வில்லையைக் குறித்த பொருளின்மீது விரைந்து குவியச் செய்தல் இக்கலைக்கு இன்றியமையாதது. இன்றைய கமராக்கள் அவ்வேலையைத் தாமே செய்கின்றன. எனினும், அவை அதனைச் செய்யும் முறைகள் பல. அவற்றுள் எதனை எப்போது கொள்ளுதல் தகும் என்பதே ஈண்டு ஆராயப்படுகின்றது.

1925ஆம் ஆண்டில் ஜேர்மனியின் லைப்சிக் நகரச் சந்தையில் மக்கள் பார்வைக்கு வந்த லைக்கா என்னும் சிறு கமரா இக்கலை தழைக்கப் பெரிதும் உதவிற்று. அதனை வகுத்தவர் ஒஸ்கார் பார்னாக் என்பவர். பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி கார்ட்டியே-பிறெசொன் (1908–2004) கையடக்கமான அத்தகைய கருவியையே தமது வாழ்நாட் கருவியாகக் கொண்டார். 1932இல் பாரிஸ் மாநகரின் சென் லசார் புகையிரத நிலையத்தின் பின்புறத்தே, தேங்கிய நீரைத் தாண்டும் ஒருவனை அவர் எடுத்த படம் உலகறிந்தது. அக்காலத்தில் தூரத்தை மதிப்பிடுதலும் வில்லையைத் திருப்புதலும் மனிதனின் வேலைகளாகவே இருந்தன. 1977இல் வெளிவந்த கொனிக்கா சீ 35 ஏ.எஃப். என்னும் கமரா அவ்வேலையைப் பொறியிடம் ஒப்படைத்தது. 1985இல் வந்த மினோல்ரா 7000, வில்லை மாற்றத்தக்க கமராக்களிலும் தன்னியக்கக் குவியத்தை நிலைபெறச் செய்தது.

பொறி எவ்வாறு குவியத்தைக் காண்கின்றது? இதற்கு இரு வழிகள் உள. ஒன்று ஒளிமாறுபாட்டு முறை. தெளிவான விம்பத்தில் ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மிகுந்திருக்கும். ஆகவே, பொறி வில்லையை முன்னும் பின்னும் அசைத்து, அவ்வேறுபாடு உச்சமடையும் இடத்தைத் தேடுகின்றது. உச்சத்தைக் கடந்த பின்னரே அது உச்சம் என அறியப்படுமாதலால், சற்றே மீளவும் வேண்டும், காலம் செல்லும். மற்றையது அவத்தை முறை. வில்லையின் இரு பக்கங்களால் வரும் ஒளி இரு விம்பங்களாக ஒப்பிடப்படும். அவை ஒன்றிலிருந்து ஒன்று விலகியிருக்கும் அளவைக் கொண்டு, வில்லை எப்பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்பது உடனே துணியப்படும். ஆதலின் இயங்கும் பொருள்களுக்கு இதுவே ஏற்றது. இவ்விரு முறைகளுக்கும் ஒளியும் வேறுபாடும் வேண்டும். வெறுஞ் சுவரிலும் மங்கிய இருளிலும் இரண்டும் தடுமாறும்.

குவியச் செய்யும் நெறிகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது ஒருமுறைக் குவியம். பொத்தானை அரைவாசி அழுத்தியதும் வில்லை ஒரு தூரத்திற் குவிந்து அங்கேயே நிற்கும். இரண்டாவது தொடர்குவியம். பொருள் நகருந்தோறும் வில்லையும் உடன் நகரும். மூன்றாவது முன்குவியம். இதில் தன்னியக்கம் நிறுத்தப்பட்டு, வில்லை முன்னரே ஒரு தூரத்தில் வைக்கப்படும்.

இவற்றின் வேறுபாட்டை ஒரு கணக்கால் விளக்கலாம். 50 மில்லிமீற்றர் வில்லை, துவார எண் 2இல், 3 மீற்றர் தூரத்திற் குவிந்திருப்பதாகக் கொள்க. 24க்கு 36 மில்லிமீற்றர் சட்டகத்தில், மங்கல் 0.03 மில்லிமீற்றர் வரை பொறுக்கப்படும் என்னும் வழக்கமான அளவையின்படி, ஏறத்தாழ 2.8 மீற்றர் முதல் 3.2 மீற்றர் வரையுள்ளவையே தெளிவாகத் தோன்றும். செக்கனுக்கு 1.4 மீற்றர் வேகத்தில் எதிரே நடந்து வரும் ஒருவர், செக்கனில் ஐந்திலொரு பங்கு நேரத்தில் 28 சதமமீற்றர் முன்னேறிவிடுவார். தெளிவின் எல்லையோ முன்புறத்தில் 20 சதமமீற்றரே. ஆகவே, ஒருமுறைக் குவியத்தாற் குறிபார்த்து, அவ்வளவு சிறிதே தாமதித்துப் படமெடுத்தாலும், அவர் முகம் மங்கிவிடும். இத்தகைய இடத்திலே தொடர்குவியமே தக்கது. கடை வாயிலில் அமர்ந்து பத்திரிகை படிக்கும் முதியவருக்கோ ஒருமுறைக் குவியம் போதுமானது. அவருக்குத் தொடர்குவியத்தைக் கொள்ளின், இடையே ஒருவர் குறுக்கிட்டதும் வில்லை அவர் பின்னே சென்றுவிடக் கூடும்.

இனி, 28 மில்லிமீற்றர் வில்லையைத் துவார எண் 8இல் வைத்து 2 மீற்றர் தூரத்திற் குவியச் செய்தால், மேற்கூறிய அளவையின்படி ஏறத்தாழ 1.25 மீற்றர் முதல் 5 மீற்றர் வரை யாவும் தெளிவாகும். அதனையே 3.3 மீற்றரில் வைத்தால், 1.65 மீற்றருக்கு அப்பாலுள்ளன அனைத்தும் தெளிவாகும். அப்பொழுது பொறி தேட வேண்டியது எதுவுமில்லை; பொத்தானை அழுத்துதலே எஞ்சிய வேலை. நியூயோர்க் நகரத் தெருக்களைப் படமெடுத்த காரி வினோகிராண்ட் (1928–1984) 28 மில்லிமீற்றர் வில்லையைப் பெரிதும் கையாண்டார். றிக்கோ நிறுவனத்தின் ஜீ.ஆர். வரிசைக் கமராக்கள், குறித்த தூரத்தில் வில்லையை நிறுத்தும் வசதியைத் தன்னியக்கக் குவியத்தோடு சேர்த்தே வழங்குகின்றன. தன்னியக்கம் வளர்ந்த பின்னரும் முன்குவியம் கைவிடப்படவில்லை என்பதற்கு இது சான்று. எனினும், இதற்கு நல்ல வெயில் வேண்டும். மாலையில் ஒளி குறைந்து துவாரத்தை அகலத் திறக்க நேரின், தெளிவின் எல்லை சுருங்கும். அப்பொழுது தன்னியக்கத்தின் துணையை நாடுவதே அறிவுடைமை.

நெறியைத் தெரிந்த பின்னர், சட்டகத்தின் எப்பகுதியிற் குவியச் செய்வது என்பதையும் தெரிதல் வேண்டும். சட்டகம் முழுவதையும் பொறியிடம் விட்டுவிட்டால், அது பெரும்பாலும் அண்மையிலுள்ள பொருளையே பற்றிக்கொள்ளும். எடுப்பவன் கருதியது கூட்டத்தின் நடுவே நிற்கும் சிறுமியாயின், முன்னே செல்பவரின் தோளே தெளிவாகப் பதியும். ஒற்றைப் புள்ளியைக் கொண்டால் எடுப்பவனின் கருத்துப் பிழைக்காது. ஆனால், அப்புள்ளியைப் பொருளின்மீது வைத்திருக்கக் கைத்திறன் வேண்டும். சிறு வட்டாரத்தைக் கொள்ளுதல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி. விரைந்து மாறும் சந்தைக் கூட்டத்துக்கு இது பெரிதும் பொருந்தும்.

அண்மைக் காலத்துக் கமராக்கள் முகத்தையும் கண்ணையும் தாமே இனங்கண்டு தொடர்கின்றன. தனியொருவரை எடுக்குமிடத்து இது அரிய துணை. ஆனால், பலர் கூடிய தெருவில் எம்முகம் முதன்மையானது என்பதைப் பொறி அறியாது. முகமே இல்லாத படங்களும் பல உள: சுமை தூக்கிய முதுகு, கைகோத்த இரு கரங்கள், சுவரில் விழுந்த நிழல் என்பன அத்தகையன. இவற்றை நாடுபவன் முகங்காணும் வசதியை நிறுத்தி வைத்தலே நன்று.

மேலும் ஒன்று. ஒருமுறைக் குவியத்தில், தெளிவு உறுதிப்படும் வரை பல கமராக்கள் படமெடுக்க மறுக்கும். குவியச் செய்யும் வேலையைப் பின்புறத்துள்ள வேறொரு பொத்தானுக்கு மாற்றிவிட்டால், பெருவிரல் குவியத்தையும் சுட்டுவிரல் கணத்தையும் ஆளும். பெருவிரலை எடுத்தால் வில்லை நின்ற இடத்திலேயே நிற்கும். அழுத்திக்கொண்டிருந்தால் பொருளைத் தொடரும். இரு நெறிகளையும் மாற்றி மாற்றி அமைக்கும் தொல்லை இதனால் நீங்கும்.

தொகுத்து நோக்கின், நல்ல வெயிலும் அகன்ற வில்லையும் உள்ளவிடத்து முன்குவியமும், எதிர்வரும் மக்களுக்குத் தொடர்குவியமும், அமைதியாய் இருப்போருக்கு ஒற்றைப் புள்ளியோடு கூடிய ஒருமுறைக் குவியமும் ஏற்றன என்பது பெறப்படும். ஒரு படத்தில் எது தெளிவாயிருக்கின்றதோ அதுவே பார்ப்போர்க்கு முதலிற் பொருளாகின்றது. ஆகவே, எதனைத் தெளிவாக்குவது என்பதைத் துணிதல், எதனைச் சொல்வது என்பதைத் துணிதலேயாம். தூரத்தை அளக்கும் வேலையைப் பொறியிடம் விடலாம்; இத்துணிபை அதனிடம் விட்டுவிடின், எடுத்த படம் எடுத்தவனுடையதாகாது. பயிலத் தொடங்கும் மாணவன் ஒரு நெறியைத் தெரிந்து, ஒரே வில்லையோடு பன்முறை பழகி, இரண்டு மீற்றர் எவ்வளவு என்பதைக் கண்ணாலேயே மதிக்கக் கற்றானாயின், ஏனைய வசதிகள் யாவும் அவனுக்கு ஏவலாகும்.