சேறு சேரும் ஏரியில் வாலாட்டிகள்

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் ஸ்ட்ராபெரிக்கும் தேயிலைக்கும்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். தாப்பாவிலிருந்து மலையேறி ரிங்லெட்டைத் தாண்டியதும் சாலையோரமாகவே வரும் ஏரியை எட்டிப் பார்ப்பவர் குறைவு. தண்ணீர் தேத்தாரே நிறத்தில் இருப்பதும் ஒரு காரணம். நான் மூன்று ஆண்டுகளாகத் தீபாவளி முடிந்த கையோடு அங்கே போய் நிற்கிறேன், பறவைகளுக்காக.

நமக்கு இலையுதிர் காலம் ஏது? நவம்பர் என்றால் மழைதான். ஆனால் சைபீரியாவில் குளிர் இறங்கியதும் பூச்சிகள் குறைகின்றன. அவற்றையே நம்பி வாழும் பறவைகள் தெற்கே கிளம்புகின்றன. அப்படி வந்த சாம்பல் வாலாட்டி ஒன்று, போன வாரம் கரையோரச் சேற்றில் என் முன்னே ஓடியது. முதுகு சாம்பல், வயிறு மஞ்சள். நின்றால் வால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். சற்றுத் தள்ளி உள்ளான் ஒன்று. அதுவும் பின்பக்கத்தை ஆட்டும் என்பதால் புதியவர்களுக்குக் குழப்பம் வரும். பழுப்பு முதுகும், தோளருகே வயிற்றிலிருந்து மேலேறும் வெள்ளைத் தீற்றலும் இருந்தால் அது உள்ளான். பறக்கும்போது தண்ணீரை ஒட்டி, சிறகைப் படபடவென்று அடித்துப் போகும்.

தலைக்கு மேலே தகைவிலான்கள். வெள்ளை வயிறு, மார்பில் கறுப்புப் பட்டை, நீண்ட பிளவு வால் என்றால் வடக்கிலிருந்து வந்த விருந்தாளி. பட்டை இல்லாமல், வயிறு மங்கலாக, வால் குட்டையாக இருந்தால் நம்மூர்க்காரர்.

உடன் வந்த அக்காள் மகள் கேட்டாள்: “மாமா, ஏரிக்கு நடுவுல எப்படி மண்மேடு வந்துச்சு?”

அதுதான் விஷயம். இது இயற்கை ஏரி அல்ல. பெர்த்தாம் ஆற்றை மறித்து, மின்சாரத்துக்காக 1963-இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கம். மலைச்சரிவுகளைச் சீவிக் காய்கறி போடப் போட, ஒவ்வொரு மழையிலும் மண் கரைந்து இங்கே வந்து படிகிறது. மண் அடைத்த இடத்தில் தண்ணீர் நிற்காது. பெருமழையில் அணையைத் திறந்துவிட வேண்டியிருக்கும். 2013 அக்டோபரில் அப்படித் திறந்துவிட்டபோது, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது.

நான் ரசித்த உள்ளான் நடந்ததும் அந்த மண்ணின் மேல்தான். சேறு வெளியே தெரிந்தால் அதற்குப் புழு பூச்சி கிடைக்கும். கொக்குக்கும் கொண்டாட்டம். மண்ணை அள்ளி எடுத்தால் இவ்வளவு அருகில் இவற்றைப் பார்க்க முடியாமல் போகலாம். போகட்டும் என்றுதான் சொல்வேன். வாலாட்டிக்கு ஓர் ஓடையும் நாலு பாறையும் போதும், மலையில் அவற்றுக்குப் பஞ்சமில்லை. பள்ளத்தாக்கில் இருக்கும் குடும்பங்கள் எங்கே போகும்?

அக்காள் மகள் அதற்குள் நோட்டில் ஏழு பறவைகளை எழுதிவிட்டாள். எட்டாவதாக மீன்கொத்தியைச் சேர்க்கப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை, அவள் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறாள்.

போவதென்றால் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். அதற்குப் பிறகு காய்கறி லாரிகளின் சத்தத்தில் எதுவும் காதில் விழாது.