நான்காவது தப்பாட்டத்திற்குப் பிறகு

பள்ளிகளுக்கு இடையிலான கூடைப்பந்து அரையிறுதி ஆட்டங்களை அன்று முழுவதும் பார்த்தேன். முதல் ஆட்டம் ஒருபக்கமாகவே முடிந்தது, சொல்ல அதிகமில்லை.

இரண்டாவதில் என் கண் பந்தைவிட மாற்று ஆட்டக்காரர்களின் இருக்கையில்தான் இருந்தது. மூன்றாம் கால்பகுதியிலேயே ஓர் அணித்தலைவி நான்காவது தப்பாட்டம் புரிந்துவிட்டார். ஐந்தானால் ஆட்டத்திலிருந்தே வெளியேற வேண்டும். பயிற்றுவிப்பாளர் அவரை உட்கார வைத்தார். சரியான முடிவுதான் என்பேன். ஆனால் 8 புள்ளி முன்னிலை கரைந்துபோனது.

கடைசி 3 நிமிடங்களுக்குத் திரும்பியவர், கைகளை நேரே உயர்த்தி, யார்மீதும் படாமல் தடுத்தார். அந்த நிதானம் எளிதன்று. 2 புள்ளியில் தோல்வி. அவர் உயர்நிலை நான்கு மாணவி. இந்த அணியுடன் அடுத்த ஆண்டு இல்லை.

எதிரணியுடன் கைகுலுக்கிவிட்டு, தண்ணீர்ப் போத்தல்களைப் பொறுக்கத் தொடங்கினார்.