பிள்ளை கையில் செல்போன்: அம்மாக்கள் தெரிஞ்சுக்க வேண்டியது



2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது பாடம் செல்போனுக்கு வந்தது. விழுப்புரம், திண்டிவனம் பகுதியில் நம் உறுப்பினர்கள் சிலர் கடன் வாங்கித்தான் போன் வாங்கினார்கள். பள்ளி திறந்த பிறகும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறது. போனைப் பிடுங்கி வைப்பது தீர்வு இல்லை.

திண்டிவனம் அருகே குழுக் கூட்டம் முடிந்ததும் ஓர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒன்பதாவது படிக்கும் மகளின் படத்தை வகுப்பு குரூப்பிலிருந்து எடுத்து, ஆபாசப் படத்தோடு ஒட்டி, ஒருவன் மிரட்டியிருக்கிறான். பயத்தில் மெசேஜை எல்லாம் அழித்துவிட்டார்கள். "படிப்பை நிறுத்திட்டு சொந்தத்துல கட்டிக் கொடுத்துடலாம்னு அவங்கப்பா சொல்றாரு மேடம்" என்று அழுதார். தப்பு செய்தவன் வெளியே இருக்க, தண்டனை பிள்ளைக்கா? 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்தால் 2006 சட்டப்படி அதுவும் குற்றம்.

நல்லவேளை, தோழியின் போனில் ஒரு மெசேஜ் இருந்தது. அதை வைத்துத்தான் புகார் கொடுத்தோம். அந்தப் பெண் இப்போது பத்தாவது படிக்கிறாள்.

நாம் செய்ய வேண்டியவை:

1. முதலில் பிள்ளையைத் திட்டாதீங்க. திட்டினால் அடுத்த முறை நம்மிடம் சொல்லாது.

2. மெசேஜை அழிக்காதீங்க. அனுப்பியவன் நம்பர், தேதியைக் குறிச்சு வையுங்க. படத்தை யாருக்கும் அனுப்பாதீங்க. பிள்ளைகளின் ஆபாசப் படத்தைப் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவில் 5 ஆண்டு வரை சிறை.

3. 1098-க்கு போன் செய்யுங்க. 24 மணி நேரமும் இலவசம். பள்ளி சம்பந்தமான புகாருக்கு 14417. பணம் ஏமாந்திருந்தால் உடனே 1930.

4. "ஸ்டேஷனுக்குப் போனா மானம் போயிடும்" என்று பயப்பட வேண்டாம். 2012 போக்சோ சட்டப்படி பிள்ளையிடம் வீட்டிலேயே வாக்குமூலம் வாங்கலாம். வாங்கும் போலீஸ் சீருடையில் வரக்கூடாது. இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. பத்திரிகையில் பெயர், படம் போடக்கூடாது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். அடுத்த கூட்டத்தில் தைரியமாகக் கேளுங்க: வகுப்பு குரூப்பை நடத்துவது யார்? வெளியாள் நம்பர் இருக்கிறதா? பிள்ளைகள் படத்தை ஏன் போடணும்?

கடன் தவணையை வாராவாரம் பேசும் நாம், இதையும் ஒரு கூட்டத்தில் பேசுவோமே!