கழுத்தில் தொங்கிய தகர வில்லை

இலங்கையின் நுவரெலியா ஹில் கிளப் 1876இல் தொடங்கியது. வேட்டையாடிய மிருகங்களின் தலைகள் இன்றும் அதன் சுவர்களில் இருக்கின்றன. தேயிலைத் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார் கூடிக் குடித்துக் களித்த இடங்களின் சாமான்களைத் தேடி வாங்குவோர் எங்கும் உண்டு. ஆனால் மலையகத்தின் கதையைச் சொல்ல அவற்றைவிடப் பொருத்தமானது, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தகர வில்லை.

அதன் பெயர் டின் டிக்கெட். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. தோட்டத்தைக் குறிக்கும் அடையாள எண் அதில் பதிக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் கயிறு கோக்க ஒரு துளை. ஆள் பிடிக்கத் தமிழ்நாட்டுக்குப் போகும் கங்காணி இந்த வில்லைகளைக் கொண்டுபோய், சேர்த்த ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுப்பார். கழுத்தில் அது தொங்கினால் கையில் காசில்லாமலே பயணம் செய்யலாம். செலவுக் கணக்கு தோட்டத்துக்குப் போய்ச் சேரும்.

இலவசம் என்று நினைத்துவிடக் கூடாது. வழிச்செலவு தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறியது. கங்காணியின் முன்பணமும் அதோடு சேர்ந்தது.

வில்லைக்குத் துணையாக ஒரு காகிதமும் இருந்தது: துண்டு. இவ்வளவு கடனை அடைத்தால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால், புதிய துரை அந்தக் கடனைக் கட்ட வேண்டும். ஆள் மாறினாலும் கடன் கூடவே மாறும். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இத்தகைய வாழ்க்கையின் சுவடுகளைத் திரட்டும் வேலையைக் கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் செய்கிறது. கம்பளையை அடுத்த பழைய பீகொக் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்து அறைகளிலேயே அது 2007இல் ஒரு நூதனசாலையைத் திறந்தது. ஹந்தானையின் தேயிலை நூதனசாலையில் இயந்திரங்களும், இலங்கையில் வணிகத் தேயிலைப் பயிரைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களும் பேசுகின்றன. பீகொக் தோட்டத்திலோ தொழிலாளர் புழங்கிய வீட்டுச் சாமான்களும் வேலைக் கருவிகளும் பத்திரங்களும் பேசுகின்றன. இரண்டையும் பார்த்தால்தான் தேயிலையின் கதை முழுமை பெறும்.

வீட்டுப் பெட்டியில் பழைய வில்லை கிடைத்தால் அதைத் தேய்த்து மினுக்க வேண்டாம். தேய்த்தால் எண் அழியும். எண் போனால் தோட்டத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. மலைநாட்டு ஈரம் தகரத்தை விரைவில் தின்றுவிடும் என்பதால் உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும். எந்தத் தோட்டம், எந்த லயம், யாருடைய தாத்தா அணிந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே வைப்பது அவசியம்.