கேஸ் எங்கதான் போகுதுங்க?

சித்திரை வெயிலில் கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் வண்டி நிறுத்த இடம் தேடி இரண்டு சுற்றுச் சுற்றினால் கார் ஏசியின் அருமை தெரியும். எனக்கு அது தெரிந்த அன்று ஏசி அனல் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. போன வருஷமும் இப்படித்தான், அதற்கு முந்தைய வருஷமும் இப்படித்தான். இரண்டு தடவையும் ஒரு கடையில் "கேஸ் கம்மியா இருக்கு" என்று அடித்துக் கொடுத்தார்கள். அந்தக் கோடை ஓடியது, அவ்வளவுதான்.

இந்தத் தடவை கடையை மாற்றினேன். சந்துக்குள் ஒரு சின்னப் பட்டறை. "கேஸ் தீந்துபோச்சு, டாப்-அப் பண்ணிருங்க தம்பி" என்றேன். மெக்கானிக் சிரித்தார். "அதென்ன பெட்ரோலுங்களாண்ணா, ஓட ஓடத் தீர்றதுக்கு? எங்கியோ ஒழுகுதுங்க. அதைப் பார்க்காம அடிச்சா ஓட்டைக் கொடத்துல தண்ணி ஊத்துன மாதிரிதானுங்ணா."

அவர் சொன்னது அப்படியே இயற்பியல். சின்னக் கார் ஒன்றின் ஏசிக்குள் இருப்பது சுமார் 400 கிராம் வாயு. அது எரிவதில்லை, செலவாவதில்லை. ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட் ஆவியாகும்போது தோல் ஜில்லிடுகிறதே, அதே வேலைதான். ஆர்-134ஏ என்ற இந்த வாயு சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் கொதித்து, காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை நெருக்கிச் சூடாக்கி முன்பக்கக் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகி, ஒரு குறுகிய வால்வு வழியே மறுபடி காயிலுக்கு. செக்குமாடு மாதிரி அதே 400 கிராம்தான் வருஷக்கணக்கில் சுற்றுகிறது.

அப்படியானால் வீட்டு ஃபிரிட்ஜ் இருபது வருஷம் கேஸ் கேட்காமல் ஓடுகிறதே, கார் மட்டும் ஏன் கேட்கிறது? ஃபிரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரஸரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து வெல்டிங் செய்யப்பட்டவை. காரில் கம்ப்ரஸரை எஞ்சின் பெல்ட் சுழற்றவேண்டும். எனவே அதன் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது நுழையும் இடத்தில் ஒரு சீல்தான் காவல். போதாததற்கு ரப்பர் ஹோஸ், இணைப்புக்கு இணைப்பு ஓ-ரிங், நாள் முழுக்க அதிர்வு. ஐரோப்பியச் சட்டமே ஒற்றைக் காயில் கார் ஏசி ஒன்று வருஷத்துக்கு 40 கிராம் வரை கசியலாம் என்று விட்டுக்கொடுத்திருக்கிறது. என் கார் அதைவிடத் தாராளம்.

தம்பி டார்ச்சை அடித்துக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேஸ் கண்ணுக்குத் தெரியாது; ஆனால் கம்ப்ரஸருக்கான எண்ணெய் அதோடுதான் சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசிந்து, அதில் புழுதி ஒட்டிக் கறுப்பாகப் பிசுபிசுக்கும். கண்டென்சர் இணைப்பில் அப்படி ஒரு கறை. சோப்பு நுரை வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கடுகளவு ஒரு குமிழி எழும்பி, பெருத்து, உடைந்தது. அடுத்தது எழும்பியது.

கழற்றுமுன் மிச்சக் கேஸை வெளியேற்ற வேண்டும். சர்வீஸ் வால்வின் பின்னை அழுத்தினார். புஸ்ஸென்று நீண்ட ஒரு பெருமூச்சு. அதைப் பிடித்து வைக்கிற மெஷின் உண்டு. இதுபோன்ற பட்டறையில் அதை எதிர்பார்க்க முடியாது.

அந்தப் புஸ் எங்கே போகிறது என்று கேட்டவர்களில் ஒருவர் நம்மவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, 1960களில் செகந்திராபாத்தில் ஒரு குளிர்பதனக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார் வீரபத்ரன் ராமநாதன். குளிரூட்டும் வாயு ஏன் இப்படிக் கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், அங்கிருந்து அமெரிக்கா. 1974-ல் மொலினா, ரோலண்டு என்ற விஞ்ஞானிகள், அன்று குளிரூட்டப் பயன்பட்ட சி.எஃப்.சி. வாயுக்கள் ஓசோனை அரிக்கும் என்றார்கள். மறுவருஷம் ராமநாதன் 'சயின்ஸ்' இதழில் இன்னொன்றைச் சொன்னார்: அவை பூமியைச் சூடாக்கவும் செய்யும், ஒரு சி.எஃப்.சி. மூலக்கூறு ஏறத்தாழ 10,000 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்குச் சமம். பட்டறை லீக்கைத் துரத்திய ஆள் வளிமண்டலத்தில் போய் அதைப் பிடித்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அப்போது கார் ஏசிகளில் ஓடிய சி.எஃப்.சி.யின் பெயர் ஆர்-12. சி.எஃப்.சி. தயாரித்த நான்கு இந்திய நிறுவனங்களில் ஒன்று நம் மேட்டூர் கெம்பிளாஸ்ட் சன்மார். 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியே, ஆஸ்துமா இன்ஹேலர் போன்ற மருந்துத் தேவை நீங்கலாக, 2008 ஆகஸ்டில் இந்தியா அந்த உற்பத்தியை நிறுத்தியது. இடத்தைப் பிடித்த 134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் வெப்பத்தை விடாது: கிலோவுக்குக் கிலோ கார்பன் டை ஆக்சைடைவிட 1,430 மடங்கு. என் காரின் 400 சொச்சம் கிராமும் போனால், சுமார் 250 லிட்டர் பெட்ரோல் எரித்த கணக்கு. கோவையிலிருந்து சென்னைக்குக் கிட்டத்தட்ட நாலு தடவை போய்வரலாம். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களுக்கு 134ஏ கிடையாது. இந்தியா இந்த வகை வாயுக்களை 2032-ல் குறைக்க ஆரம்பித்து, 2047-க்குள் 85 சதவீதம் குறைக்க வேண்டும்.

ஓ-ரிங் மாற்றியாயிற்று. அடுத்து வேக்குவம் பம்ப். குழாய்க்குள் புகுந்த ஈரக்காற்று போகாவிட்டால், அந்த ஈரம் வால்வில் பனிக்கட்டியாகி அடைக்கும், உள்ளே அமிலமாகி அரிக்கும். ஊட்டியில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பம்ப் அழுத்தத்தை அதலபாதாளத்துக்கு இறக்கும்போது, உள்ளே ஒட்டியிருக்கும் தண்ணீர் அடுப்பே இல்லாமல் கொதித்து ஆவியாக வெளியேறுகிறது. அரைமணி நேரம் பம்ப் இரைந்தது. நிறுத்திய பிறகும் கேஜ் முள் அசையவில்லை. லீக் இல்லை.

கேஸ் ஏற்றும்போது அவர் சிலிண்டரைத் தராசில் வைத்ததுதான் எனக்குப் பிடித்தது. பழைய கடையில் கேஜைப் பார்த்து மட்டும் அடித்தார்கள். வீட்டு கேஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள்: தீரப்போகும்வரை அடுப்பு ஒரே மாதிரி எரியும். உள்ளே திரவம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அழுத்தம் மாறாது; அழுத்தத்தை முடிவு செய்வது அளவு அல்ல, வெப்பநிலை. 30 டிகிரியில் 134ஏ சிலிண்டர் நிறைந்திருந்தாலும் கால்வாசி இருந்தாலும் கேஜ் காட்டுவது 97 பி.எஸ்.ஐ. சொச்சம்தான். எஞ்சின் ஓடும்போது வெயிலும் ஃபேன் வேகமும் சேர்ந்து முள்ளை இன்னும் ஏய்க்கும். கூடிப்போனாலும் ஆபத்து: கண்டென்சரில் திரவம் தேங்கி, அழுத்தம் ஏறி, குளிர் குறையும். பானட்டைத் தூக்கினால் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். என்னுடையதில் 420. தராசில் எடை அதே அளவு குறைந்ததும் வால்வை மூடினார்.

பழைய ஓ-ரிங்கை என்னிடமே கொடுத்தார். பார்க்க நல்ல வட்டமாகத்தான் இருந்தது. விரலிடுக்கில் வைத்து உருட்டியபோதுதான், ஒரு பக்கம் மட்டும் தட்டையாகிப் போயிருந்தது தட்டுப்பட்டது.