சிறையில் ஒரு தாய் எழுதிய நாட்குறிப்பு

சிறைக்குள் தள்ளப்பட்ட அந்த இளம்பெண்ணை முதலில் மிரட்டியது இருட்டு. அப்படியோர் இருட்டை அவள் அதுவரை கண்டதே இல்லை. நெருக்கியடித்துக்கொண்டிருந்த கூட்டம், தாங்க முடியாத புழுக்கம், காசு பிடுங்கும் சிப்பாய்கள். இவை எல்லாவற்றையும்விட அவளை அதிகமாக வாட்டியது வேறொன்று. அவளுக்குப் பால்குடி மறக்காத கைக்குழந்தை இருந்தது.

இந்த விவரங்களை யாரோ ஒரு கதாசிரியர் கற்பனை செய்து எழுதவில்லை. அந்தப் பெண்ணே எழுதிவைத்திருக்கிறாள். அவள் பெயர் விபியா பெர்பெத்துவா. வயது ஏறக்குறைய 22. ஊர், ரோமப் பேரரசின் கீழ் இருந்த கார்த்தேஜ். இன்றைய துனீசியாவில் இருக்கிறது. ஆண்டு கி.பி. 203.

கிறிஸ்தவப் பெண் ஒருவர் எழுதி இன்று நம் கைக்குக் கிடைத்திருக்கும் எழுத்துகளில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று இந்தச் சிறை நாட்குறிப்பு. ஆதித் திருச்சபையின் வரலாற்றைப் படிக்கிறவர்கள் யாரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

ஐந்து பேர் கைது

பெர்பெத்துவா வசதியான குடும்பத்தில் பிறந்தவள். நன்றாகப் படித்தவள். திருமணமானவள். ஞானஸ்நானம் பெறுவதற்காகக் கிறிஸ்தவப் போதனைகளைக் கற்றுக்கொண்டிருந்த நேரத்தில் கைது செய்யப்பட்டாள். அவளோடு பிடிபட்டவர்களில் இருவர் அடிமைகள். அந்த இருவரில் ஒருத்திதான் பெலிசித்தா. அப்போது அவள் கர்ப்பிணி. இவர்களுக்குப் போதித்துவந்த சத்தூருஸ் என்பவர் பிறகு தாமாகவே வந்து சரணடைந்தார்.

திருச்சபையின் ஊழியர்கள் இருவர் சிப்பாய்களுக்குக் காசு கொடுத்தார்கள். கைதிகளைச் சில மணி நேரம் சிறையின் காற்றோட்டமான பகுதியில் இருக்க விட்டார்கள். பசியில் துவண்டு கிடந்த குழந்தைக்கு அங்கேதான் பெர்பெத்துவா பால் கொடுத்தாள். பிறகு, குழந்தையைச் சிறையிலேயே தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதியும் வாங்கிவிட்டாள். அதன்பின் அந்தச் சிறையே தனக்கு அரண்மனையானது என்று எழுதுகிறாள். பிள்ளையைப் பிரிந்து ஒரு ராத்திரியாவது இருந்து பார்த்த எந்தத் தாய்க்கும் இந்த வரிக்கு உரை தேவைப்படாது.

காலில் விழுந்த தந்தை

நாட்குறிப்பில் நம்மை அதிகம் கலங்கவைப்பவர் அவளுடைய தந்தை. அவர் கிறிஸ்தவர் அல்ல. மகளின் மனதை மாற்ற மீண்டும் மீண்டும் வருகிறார். முதல்முறை வந்தபோது, பக்கத்தில் இருந்த ஒரு பாத்திரத்தை அவள் காட்டுகிறாள். அதை வேறு பெயர் சொல்லி அழைக்க முடியுமா என்று கேட்கிறாள். முடியாது என்கிறார். அதேபோல் நானும் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு எதையும் என்னைப்பற்றிச் சொல்ல முடியாது என்கிறாள். கண்ணைப் பிடுங்கிவிடுவதுபோல் அவர் ஆத்திரத்தோடு பாய்கிறார்.

அடுத்தமுறை கோபமில்லை, கெஞ்சல்தான். என் நரைத்த தலைக்காக இரங்கு என்கிறார். கையை முத்தமிடுகிறார், காலில் விழுகிறார். மகளே என்று அழைக்காமல் 'அம்மணி' என்று அழைக்கிறார். ரோமானியக் குடும்பத்தில் அப்பாவின் சொல்தான் சட்டம். அப்படிப்பட்ட ஒருவர் மகளின் காலடியில் கிடந்தார் என்றால் அவருடைய வேதனையை நாம் புரிந்துகொள்ளலாம். அவளும் புரிந்துகொண்டாள். அவருக்காக வருந்தினேன் என்றே எழுதுகிறாள்.

விசாரணை நாளில் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். விசாரித்த அதிகாரி ஹிலாரியானுஸ் அவளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பேரரசர்களின் நலனுக்காகப் பலி செலுத்த வேண்டும். அப்பாவின் நரையைப் பார், பிள்ளையின் பச்சிளம் வயதைப் பார் என்று அவரும் சொல்கிறார். அவள் மறுத்துவிடுகிறாள். இடையில் புகுந்த தந்தைக்குப் பிரம்படி விழுகிறது. அந்த அடி தன்மீதே விழுந்ததுபோல் வலித்தது என்கிறாள். தீர்ப்பு வருகிறது: விலங்குகளுக்கு இரையாக வேண்டும்.

சிறைக்குத் திரும்பியதும் குழந்தையைக் கேட்டு ஆள் அனுப்புகிறாள். தந்தை தர மறுத்துவிடுகிறார். அதன்பிறகு குழந்தை பாலுக்கு ஏங்கவில்லை, தனக்கும் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரவில்லை, இது கடவுளின் சித்தம் என்று குறித்துவைக்கிறாள். மறைசாட்சிகளைப் பற்றி எத்தனையோ வரலாறுகள் எழுதப்பட்டிருக்கின்றன. பால் கட்டிக்கொள்வதைப் பற்றிக் கவலைப்பட்ட மறைசாட்சியை இங்கேதான் பார்க்கிறோம்.

கனவில் வந்த தம்பி

நாட்குறிப்பின் இன்னொரு பாதி கனவுகளால் ஆனது. ஒரு கனவில் வானத்தைத் தொடும் வெண்கல ஏணி. இருபுறமும் வாள்களும் ஈட்டிகளும். அடியில் ஒரு பெரிய பறவைநாகம். அதன் தலையையே முதற்படியாக மிதித்து ஏறுகிறாள். மேலே ஒரு தோட்டம். அங்கே நரைத்த முடியோடு ஒரு மேய்ப்பர் ஆட்டில் பால் கறந்துகொண்டிருக்கிறார். அவர் கொடுத்த பாலாடைக்கட்டியைச் சாப்பிடுகிறாள். விழித்தபோதும் வாயில் இனிப்பு இருந்தது. ரோம் நகரின் நிலத்தடிக் கல்லறைகளில் கிறிஸ்தவர்கள் தீட்டிய ஓவியங்களிலும் நல்ல மேய்ப்பர் உண்டு. அங்கே அவர் மீசை முளைக்காத வாலிபர். பெர்பெத்துவாவின் கனவில் மட்டும் அவருக்குத் தலை நரைத்திருக்கிறது, அவளைக் கெஞ்சிய அப்பாவுக்கு நரைத்திருந்ததுபோல.

மற்றொரு கனவில், ஏழு வயதில் முகத்தில் புற்று வந்து இறந்துபோன தம்பி தினோக்ராத்தஸ் வருகிறான். தாகத்தோடு நிற்கிறான், நீர்த்தொட்டியின் விளிம்பு எட்டவில்லை. அவள் அவனுக்காக இரவும் பகலும் அழுது ஜெபிக்கிறாள். பிறகு வந்த கனவில் விளிம்பு தாழ்ந்திருக்கிறது. அவன் குடித்துவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும்போல் விளையாட ஓடுகிறான்.

எழுதாமல் போனவை

போட்டிக்கு முந்தைய நாளோடு நாட்குறிப்பு நிற்கிறது. அரங்கில் நடக்கப்போவதை, விருப்பமுள்ளவர் எழுதிக்கொள்ளட்டும் என்று முடித்துவிடுகிறாள். மீதியை வேறொருவர் எழுதிச் சேர்த்திருக்கிறார்.

கர்ப்பிணிகளைக் கொல்லக் கூடாது என்பது சட்டம். தோழர்களோடு சாக முடியாமல் போகுமோ என்று எட்டு மாதக் கர்ப்பிணியான பெலிசித்தா கலங்கினாள். எல்லோரும் சேர்ந்து ஜெபித்தார்கள். சிறையிலேயே பெண் குழந்தை பிறந்தது. சபைச் சகோதரி ஒருத்தி அதைத் தன் மகளாக வளர்த்தாள்.

203 மார்ச் 7. பேரரசரின் மகன் கேத்தாவின் பிறந்தநாள் விளையாட்டு. மூர்க்கமான பசுவின் முன் இரு பெண்களையும் வலை மட்டும் சுற்றி நிறுத்தினார்கள். ஒருத்தி இளம்பெண், மற்றொருத்தி பால் சொட்டும் மார்போடு நின்ற பச்சை உடம்புக்காரி. ரத்தம் பார்க்க வந்த கூட்டமே அதிர்ந்தது. திரும்ப அழைத்து உடை கொடுத்தார்கள். பசு முட்டித் தூக்கி எறிந்த பிறகு, பெர்பெத்துவா கிழிந்த உடையை இழுத்துவிட்டு, ஊசி கேட்டு வாங்கிக் கூந்தலை முடிந்தாள். தலைவிரி கோலம் துக்கத்தின் அடையாளம். தன் வெற்றியின் நேரத்தில் அழுதுகொண்டு நிற்பவளாக அவள் தெரிய விரும்பவில்லை. பிறகு பெலிசித்தாவுக்குக் கைகொடுத்து எழுப்பினாள். சீமாட்டியும் அடிமையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கடைசியில், அனுபவமில்லாத வாள்வீரனின் நடுங்கிய கையைப் பிடித்து, தன் கழுத்துக்கு அவளே வழிகாட்டினாள்.

இந்த நூலின் லத்தீன் மூலம் இத்தாலியின் மோன்தே கசினோ மடத்துச் சுவடியில் கிடைத்து 1663-ல் அச்சானது. கிரேக்க வடிவம் 1889-ல் எருசலேமில் கண்டெடுக்கப்பட்டது. எல்லாமே அவள் கையால் எழுதியதுதானா என்று சந்தேகிக்கும் அறிஞர்களும் உண்டு. ஆனால் நாட்குறிப்புப் பகுதியின் எளிய நடை, முன்னும் பின்னும் எழுதிச் சேர்த்தவரின் நடையிலிருந்து மாறுபட்டிருப்பதைப் பலர் சுட்டிக்காட்டுகிறார்கள். கணவரைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அந்த மௌனத்தைப் பற்றியே எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன.

பெலிசித்தா எதையும் எழுதவில்லை. அவளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னதுதான். ஆனாலும் கத்தோலிக்கத் திருப்பலியின் பழமையான நற்கருணை மன்றாட்டில் இருவர் பெயரும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. நம் ஊர்க் கோயில்களில் அந்த மன்றாட்டைச் சொல்லும் நாள்களில் தமிழிலும் கேட்கலாம்.

பெர்பெத்துவாவின் உறுதியைப் போற்றுகிறவர்கள் உண்டு. பிள்ளையை விட்டுப் போகலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. 1,800 ஆண்டுகளுக்கு முன் அவளுடைய அப்பாவும் அதைத்தான் கேட்டார். அந்தக் கேள்வியை மறைக்காமல், அவர் அழுததையும் சேர்த்தே அவள் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.